தேரன்று செல்வியைக் கூப்பிட்டது நான்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாவதோடு நிறுத்திவிட்டார்கள். எழுத்து கோணலாக வரும். ஒற்று எங்கே போடுவது என்று தெரியாது. நடந்ததை முன்பின்னாகச் சொல்லிவிடுவேன், பாதியை மறந்தும் போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தேரோட்டத்தன்று, வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் மகளைப் போனில் கூப்பிட்டது நான்தான்.

அவள் வண்டியில் இருக்கிறாள் என்று தெரிந்தேதான் கூப்பிட்டேன். எடுக்கும் வரைக்கும் விடாமல் கூப்பிட்டேன். எடுத்தாள்... ஐயம்பேட்டை ரோட்டில் ஒரு பெண்ணின் கை முறிந்தது.

அந்தப் பழி முழுவதும் என் மகள் மேல் இருக்கிறது. என் மேல் ஒரு தூசி இல்லை. நானோ, என் மகளைப் போல உண்டா என்று இன்றைக்கும் பெருமை பேசிக்கொண்டிருக்கிறேன்!

நீங்கள் காஞ்சிபுரத்துக்காரராக இருந்தால் அவளைப் பார்த்திருப்பீர்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பெண். காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டிருப்பாள். நெற்றியில் விபூதிக் கீற்று. சில்லறை இல்லை என்று யாரையும் இறக்கிவிட மாட்டாள். அவள்தான் செல்வி.

அவளைப் பெற்றவள் என்று என்னைப் பார்த்தால் சொல்ல மாட்டீர்கள். நான் கூச்சப்படுகிறவள். பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து தார் சுற்றுகிறவள். பட்டு நூலை ராட்டையில் சின்னக் குழலில் சுற்றித் தறியில் இருப்பவருக்குக் கொடுக்கிற வேலை. யாராவது வீட்டுக்கு வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவேன். கல்யாண வீட்டில் போட்டோ எடுத்தால் யார் முதுகுக்குப் பின்னாலாவது நிற்பேன். கோயிலில் அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் சொல்லக்கூட எனக்குத் தொண்டை அடைக்கும். செல்விதான் சொல்வாள்.

அவள் ஆட்டோ ஓட்டப் போகிறேன் என்று சொன்ன அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? அழுதேன். "பொம்பளைப் பிள்ளை ரோட்டுல நின்னு கூவி ஆள் ஏத்துவாளா? தெருவுல நான் எப்படித் தலை காட்டுவேன்?" என்றேன்.

"நீ எப்பமா தலை காட்டினே? வீட்டுக்குள்ளதானே இருக்கே" என்று சிரித்தாள்.

தறியில் உட்கார்ந்திருந்த என் மருமகனும் சிரித்துவிட்டார். அவர் சிரிப்பது தேர் வருகிற மாதிரி, வருஷத்துக்கு ஒரு தடவை.

முதன்முதலில் அவள் எங்கள் தெருவுக்குள் வண்டியைக் கொண்டுவந்தபோது நான் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்த்தேன். அந்தக் குறுகலான சந்தில் ஒரு சுவரில் கூட உரசாமல் திருப்பினாள். பசங்கள் விசிலடித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது! அன்றைக்குப் பிடித்தது இந்தப் பெருமை. இன்னும் விடவில்லை.

எனக்குப் போன் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். விரல் வைத்துத் தேய்க்கிற போன். எனக்கு என்ன தெரியும்? பச்சையை அமுக்கினால் பேசலாம், கேமராப் படத்தை அமுக்கினால் முகம் பார்த்துப் பேசலாம், அவ்வளவுதான். அதில் ஒரே ஒரு பேர்தான் இருந்தது. செல்வி. இடுப்பில் சுருக்குப்பையில் வைத்திருப்பேன். ராட்டை சுற்றிக்கொண்டே கூப்பிடுவேன். எங்கள் பக்கம் எல்லாருக்கும் கை ஒரு வேலை செய்யும், வாய் ஒரு வேலை செய்யும். அவளும் எடுத்துவிடுவாள். அப்போதெல்லாம் ஒரு மணி அடித்து இரண்டாவது மணிக்குள் எடுப்பாள்.

"வண்டில இருக்கேன்மா. என்னா சொல்லு."

"ஒண்ணும் இல்லடி. சாப்டியா?"

இதைக் கேட்கத்தான் கூப்பிடுவேன். சவாரியில் இருக்கிறவர்கள் முன்னால், ஒரு கையில் வண்டியும் ஒரு கையில் போனுமாக அவள் எனக்குப் பதில் சொல்வாள். அது தப்பு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வண்டியில் இருக்கும்போதுகூட அம்மா போனை எடுக்கிற பிள்ளை! இதைத்தான் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு பேர் முன்னால் பேச வராதவள், இதை மட்டும் நன்றாகப் பேசுவேன்.

இனி அந்தத் தேர்.

பங்குனியில் ஏகாம்பரநாதர் தேர் ராஜ வீதியில் வரும். அன்று காலையில் செல்வி கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "மா, இன்னைக்கு வெளியூர் கூட்டம் நெறைய வரும். வண்டியை விட்டு எறங்க முடியாது. எனக்கும் சேத்து நீயே கும்பிட்டுக்கோ."

அவள் சொன்னது அவ்வளவுதான். எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கொள் என்றாள். எனக்குக் காட்டு என்று சொல்லவில்லை.

நான் பக்கத்து வீட்டுச் சரோஜாவோடு போனேன். அவர்களும் நெசவுக்காரர்கள்தான், வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். அவள் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அவள் பேச்செல்லாம் அவன்தான். என் பேச்செல்லாம் செல்வி. ஒருத்தி சொன்னால் இன்னொருத்தி பொறுக்க மாட்டோம். வெளியே பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருப்போம்.

தேர் இன்னும் கிளம்பவில்லை. வடம் நீளமாகக் கிடந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சரோஜா தன் மகனுக்கு முகம் பார்க்கிற கால் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். கட் பண்ணிவிட்டான்.

"மீட்டிங்ல இருப்பான்" என்றாள்.

அவள் முகம் சின்னதாகப் போனதை நான் பார்த்தேன். பார்த்து... ஐயோ, எப்படி எழுதுவேன்... எனக்குச் சந்தோஷமாக இருந்தது! பெற்ற வயிறு நோவது இன்னொரு பெற்றவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் சந்தோஷப்பட்டேன்.

"என் பொண்ணு எடுப்பா" என்றேன்.

"அக்கா, அது வண்டி ஓட்டிகினு இருக்கும். எப்படி எடுக்கும்?"

"நான் கூப்ட்டா எங்க இருந்தாலும் எடுப்பா."

"சரி கூப்பிடு, பாக்கலாம்" என்றாள் சரோஜா. வாயைக் கோணி ஒரு சிரிப்பு சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குத்தான் கூப்பிட்டேன். சாமி மேல் ஆணையாகச் சொல்கிறேன்... மகளுக்குத் தேர் காட்ட வேண்டும் என்று கூப்பிடவில்லை. பிற்பாடு எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். பாவம், பிள்ளை தேர் பார்க்கவில்லையே, அதனால்தானே கூப்பிட்டேன் என்று. பொய். சரோஜா சிரித்தாள், அதனால் கூப்பிட்டேன்.

முதல் தடவை செல்வி எடுக்கவில்லை. சரோஜா ஒன்றும் சொல்லாமல் தேர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

மறுபடி கூப்பிட்டேன். எடுத்தாள். "மா, வண்டி ஃபுல்லா ஆள் இருக்குதுமா. அப்புறம் பேசறேன்."

"ஒரு நிமிஷம்டி! முகம் பாக்கறதுல வா! தேர் நகரப் போவுது!"

"இப்ப வேணாம்மா."

வைத்துவிட்டாள்.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம் அல்லவா? நீங்களாக இருந்தால் நிறுத்தியிருப்பீர்கள். வேண்டாம் என்று பிள்ளை வாயாலேயே சொன்ன பிறகு எந்தத் தாய் கூப்பிடுவாள்?

அதற்குள் சிவவாத்தியம் அதிர்ந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. வடம் இறுகித் தேர் அசைந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டைக்காரர்கள் குனிந்தார்கள்.

இதை நிறுத்திச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை அந்தத் தேருக்குக் கட்டை போட்டவர். தேருக்கு பிரேக் ஏது? ஓடுகிற சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டையைச் சொருகித்தான் நிறுத்துவார்கள், திருப்புவார்கள். கை ஒரு சாண் தவறினால் கை இருக்காது. அதனால் எங்கள் தெருக்களில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தேர் நிலைக்கு வந்து சேரும் வரை கட்டைக்காரனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். வீட்டில் சாவு விழுந்தாலும் தேர் நின்ற பிறகுதான் போய்ச் சொல்வார்கள்.

வருஷா வருஷம் நான் ராஜ வீதியில் நின்று அவரைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பத்தடி தூரத்தில் குனிந்துகொண்டு போவார். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நிற்பேன். ஒரு வருஷம் செல்வி கைக்குழந்தை, இடுப்பில் இருந்தாள். அப்பனைப் பார்த்துவிட்டு "ப்பா" என்று ஆரம்பித்தாள். அவள் வாயையும் சேர்த்துப் பொத்தினேன்.

அப்படிப்பட்டவள் நான்! சக்கரத்தைக் கையில் வைத்திருப்பவரைக் கூப்பிடக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டைக்காரர்கள் என் கண் முன்னால் குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே... கேமராப் படத்தை அமுக்கினேன்.

தேர்ச் சக்கரம் வேறு, ஆட்டோ சக்கரம் வேறு என்று நினைத்தேனா? செல்வி வண்டிக்கு பிரேக் இருக்கிறதே என்று நினைத்தேனா? பிரேக் போடுவதற்கு முன்னால் கண் பார்க்க வேண்டாமா? ஒன்றும் நினைக்கவில்லை. அதுதான் நிஜம்.

எடுத்தாள்.

அவள் முகம் தெரிந்தது. காதோரம் முடி பறந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் சவாரியின் தோள் ஒன்று, அதற்கும் பின்னால் மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மரங்கள் ஓடுகிறதென்றால் வண்டி ஓடுகிறது என்று அர்த்தம். பார்த்தேன்! தெரிந்தது! போனை அப்படியே சரோஜா பக்கம் திருப்பினேன். "பாத்தியா! பாத்தியா! எடுத்துட்டா பாத்தியா!" என்று கத்தினேன். என் ஆயுசில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை.

பிறகுதான் போனைத் தேர்ப் பக்கம் காட்டினேன். கையை உயரத் தூக்கிக் காட்டினேன். இறக்கிப் பார்த்தபோது அவள் முகம் இல்லை. ஆட்டோவின் கூரைத் துணி தெரிந்தது. அசையாமல் இருந்தது. சரி, மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள், அங்கிருந்தே தேர்ச் சத்தம் கேட்கட்டும் என்று, "பாத்தியா பாத்தியா" என மறுபடி கத்திக்கொண்டே தூக்கிக் காட்டினேன். மேளச் சத்தத்தில் எனக்கு எதுவும் காதில் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே நின்றுபோனது.

"நெட்டு போயிடுச்சு" என்று சரோஜாவிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். ரெண்டு பேரும் நீர்மோர் வாங்கிக் குடித்தோம். எனக்கு இன்னொரு டம்ளர் கேட்டேன். நான்... கேட்டு வாங்கினேன்! அன்று அவ்வளவு தைரியம் வந்திருந்தது எனக்கு.

நான் மோர் குடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் கன்னியம்மா ரோட்டில் கிடந்தாள்.

கன்னியம்மா என்பது அந்தப் பெண்ணின் பேர். ஐயம்பேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். நாற்று நடப் போவாள், பூப் பறிக்கப் போவாள். தேர் பார்க்க வேண்டும் என்று கொல்லையில் பறித்த சாமந்தியைப் பையில் போட்டுக்கொண்டு ரோட்டோரம் நின்றிருக்கிறாள். செல்வி வண்டி வருவதைப் பார்த்து, நிறுத்தச் சொல்லிக் கையை நீட்டியிருக்கிறாள். நாம் எல்லாரும் நிற்கிற மாதிரிதான். செல்வியின் கண் போனில் இருந்தது. வண்டி ஓரம் சாய்ந்தது. நீட்டிய கையை அடித்துத் தள்ளியது.

ஓடுகிற வண்டியை நம்பிக் கை நீட்டியவள்... அந்தக் கைதான்.

செல்வியே அவளைத் தன் வண்டியில் படுக்கவைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். சவாரி ஆட்கள் ஆளுக்கொன்றாகத் திட்டினார்களாம். ஒருத்தர் அவள் கையிலிருந்து சாவியைப் பிடுங்கப் பார்த்தாராம். "முதல்ல இவங்களைச் சேத்துடலாம்ணா, அப்புறம் என்னை அடிங்க" என்று சொன்னாளாம். ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரர் எப்படி நடந்தது என்று கேட்டபோது, நாய் குறுக்கே வந்தது என்று சொல்லவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை.

"போன் பாத்தேன் சார்."

"யாரும்மா போன்ல?"

"யாரும் கூப்பிடலை சார். தேர் பாக்கணும்னு நானேதான் போட்டேன்."

லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். இதெல்லாம் மருமகன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிள்ளை இப்படி மாட்டிக்கொண்டாளே என்று அழுதேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். அழுதேன்தான். ஆனால் அழுகைக்கு அடியில் வேறு ஒன்று இருந்தது. என் மகள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை! போலீஸ்காரன் கேட்டும் என் பேரைச் சொல்லவில்லை! அதுவும் பெருமையாகத்தான் இருந்தது எனக்கு. இப்படியும் ஒரு தாய் இருப்பாளா?

சாயங்காலம் வந்தாள். காக்கிச் சட்டையில் சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. முகம் கழுவினாள். நான் சோறு போட்டேன். சாப்பிடாமல் பிசைந்துகொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"மா, நீ கூப்ட்டதை யார்கிட்டயும் சொல்லிகினு இருக்காதே."

"ஏன்டி?"

"உன்னைக் கூப்ட்டு விசாரிப்பாங்க. நாலு பேர் முன்னாடி நின்னு நீ பேசுவியா? விடு. வண்டி ஓட்டினது நான். எடுக்காம இருந்திருக்கணும். எடுத்தது நான்தானே?"

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே வந்து சொல்கிறேன் என்று சொல்லவில்லை. "ரசம் ஊத்தட்டுமா" என்று கேட்டேன்.

இத்தோடு விட்டிருந்தால், கூச்சப்பட்ட கிழவி வாயைத் திறக்கவில்லை, போகட்டும் என்று நீங்களும் விட்டுவிடலாம். நான் வாயைத் திறந்தேன். பொய் சொல்லத் திறந்தேன்.

மறுநாள் சரோஜா வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, நீ போன் பண்ணப்பதான் நடந்துச்சா? எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. நான்தான் கூப்பிடுனு ஏத்திவிட்டேன்" என்றாள். கண்ணில் தண்ணி நின்றது.

அவள் தன் பங்கை எடுத்துக்கொண்டு என் வீடு தேடி வந்தாள். நானும் என் பங்கை எடுத்திருக்கலாம். "இல்ல சரோஜா, நம்ம கூட பேசி முடிச்சு, வெச்சு, அதுக்கப்புறம் யாரோட வீடியோவையோ பாத்திருக்கா. அப்பதான் ஆச்சாம்" என்றேன். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. தொண்டை அடைக்கவில்லை.

சரோஜா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்படியா... சரி" என்று எழுந்து போனாள். நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் அவள் தன் மகனைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை. நானும் செல்வியைப் பற்றி அவளிடம் பேசுவதில்லை.

தெருவில் மற்றவர்கள் ஆறுதல் சொன்னார்கள். "தேர் நாள்... ஏகாம்பரநாதர்தான் தலைக்கு வந்ததைக் கையோட அனுப்பிட்டார்" என்றார்கள். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். யார் கையோடு? அந்தப் பெண்ணின் கையோடு. அவளும் சாமி பார்க்கத்தானே பூவோடு நின்றாள்? சாமி பேரில் நான் ஒளிந்துகொண்டேன்.

ஆட்டோ ஸ்டாண்டில் அவளைக் கூப்பிட்டுப் பேசினார்கள். நானும் போனேன். போய் டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் நின்றேன். ஆம்பிளைகள் எல்லாம் சுற்றி நிற்க, அவள் நடுவில் கைகட்டி நின்றாள்.

"பொம்பளைக்கு எதுக்கு வண்டின்னு அன்னைக்கே சொன்னேன். ஆளை ஏத்திகினு சினிமா பாத்துகினு ஓட்டுது" என்றான் ஒருவன்.

"நீ மட்டும் யோக்கியமா? நேத்துகூட போன்ல கொஞ்சிகினுதானே ஓட்டினே?" என்று இன்னொருவன் அவனைக் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

செல்வி சிரிக்கவில்லை. "சினிமா இல்லண்ணா, தேரு. எதுவா இருந்தா என்னா, பாத்தது தப்பு. பொம்பளைன்னு சொல்லாதீங்க, செல்வின்னு சொல்லுங்க. லைசென்ஸ் திரும்பி வர்ற வரைக்கும் ஸ்டாண்டுப் பக்கம் வர மாட்டேன். கன்னியம்மாக்காவுக்குப் பாக்க வேண்டியதை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

தட்டிக்குப் பின்னாலிருந்து நாலு எட்டு வைத்தால் நானும் அவள் பக்கத்தில் நின்றிருப்பேன். கால் வரவில்லை. ஆனால் என் நெஞ்சு விம்மிக்கொண்டிருந்தது! பக்கத்தில் நின்ற டீக்கடைக்காரரிடம், கேட்காமலே, "என் பொண்ணு" என்றேன்.

அவளுடைய பழியை வாங்க வராதவள், அவளுடைய பெருமையை மட்டும் பங்கு கேட்டேன்.

அவள் சொன்னபடியே செய்தாள். வண்டி ஓட்டாத மாதங்களில் வீட்டில் என்னோடு உட்கார்ந்து தார் சுற்றினாள். வாரா வாரம் ஐயம்பேட்டைக்கு பஸ்ஸில் போய் வருவாள். கன்னியம்மாவுக்குக் கட்டுப் பிரித்தபோதும் கூடப் போனாள். "கை தோளுக்கு மேல தூக்க வரலைமா. நாத்து நட வரல. தலை வார அவங்க மருமவதான் வரணும்" என்று வந்து சொன்னாள். "நீ ஒரு தடவை வரியாமா?" என்று கேட்டாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "எனக்கு மூட்டு வலிடி" என்றேன்.

லைசென்ஸ் திரும்பி வந்தது. வண்டியும் ஓடுகிறது. இப்போது அவள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் தன் போனை எடுத்து, பின்னால் உட்கார்ந்திருக்கிற சவாரியில் ஒருவர் கையில் கொடுத்துவிடுவாள். "வந்தா எடுத்து, வண்டி ஓட்டிகினு இருக்குதுன்னு சொல்லிடுங்க" என்பாள். ஐயம்பேட்டையில் இறங்கும்போது திரும்ப வாங்கிக்கொள்வாள். முன்னே பின்னே தெரியாத ஆட்களிடம் போனைக் கொடுக்கிறாயே, தூக்கிக்கொண்டு ஓடிவிட்டால் என்று கேட்டேன். "ஓடற வண்டில எங்க ஓடுவாங்க?" என்றாள். ஸ்டாண்டில் முதலில் கேலி செய்தார்கள். இப்போது வேறு ரெண்டு மூன்று பேர் அதே மாதிரி செய்கிறார்களாம். பொம்பளைக்கு எதுக்கு வண்டி என்று கேட்டானே, அவனும் அதில் ஒருத்தன்!

நானும் பகலில் அவள் சாப்பிடுகிற நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவேன். சில நாள் நேரம் தப்பிப்போகும். அப்போது யார் யாரோ எடுப்பார்கள். ஒரு பெரியவர் எடுத்து, "உங்க பொண்ணு வண்டி ஓட்டுதும்மா" என்றவர், அப்படியே தன் முழங்கால் வலியைச் சொல்ல ஆரம்பித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். எனக்கும் வேறு வேலையில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். முகம் தெரியாதவர் என்றால் எனக்குப் பேச்சு வருகிறது.

போன வாரமும் நேரம் தப்பிவிட்டது. மத்தியானத்துக்கு வருகிறாளா, சோறு கூட வைக்கட்டுமா என்று கேட்கக் கூப்பிட்டேன். ஒரு பெண் குரல் எடுத்தது.

"வண்டி ஓட்டிகினு இருக்குதுமா. அப்புறம் பேசுங்க."

"சரிம்மா. நீங்க சவாரியா?"

"ஆமாமா. நான் கன்னியம்மா. இந்த வண்டில நான் ஏறினா போனை எங்கிட்டதான் குடுக்கும் செல்வி. வேற யாருக்கும் குடுக்காது."

வைத்துவிடலாம் என்று பார்த்தேன். சிவப்பைத் தேடினேன், அகப்படவில்லை. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். நல்ல கலகலப்பான குரல்.

"என் கை போனது இந்த வண்டிலதான், தெரியுமா உங்களுக்கு? அதை விடுங்க. அன்னைக்கு நான் ரோட்டுல கெடக்கறேன், வலி உயிர் போவுது. வண்டிக்குள்ள இந்தப் போன் கெடந்து கத்துது. ஒரே மோளச் சத்தம். யாரோ ஒரு பொம்பளை, பாத்தியா பாத்தியான்னு அப்படிச் சந்தோஷமாக் கத்திச்சு. நான் கீழ கெடக்கறதைத்தான் யாரோ பாத்துட்டுச் சிரிக்கறாங்கன்னு எனக்கு நெனப்பு. அப்புறம் செல்வியைக் கேட்டேன். தேர்க் கூட்டத்துச் சத்தம்கான்னு சொல்லுச்சு."

வண்டிச் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள்.

"நீங்க யாருமா?" என்று கேட்டாள்.

சொல்லுங்கள்... நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? வேறு யார் கேட்டு, வேறு எங்கே நான் சொல்ல வேண்டும்? போலீஸ் இல்லை, ஸ்டாண்டு இல்லை, நாலு பேர் இல்லை. முகம்கூடத் தெரியாது. அவளும் நானும் மட்டும்தான். அந்தக் குரல் என்னுடையதுதான் என்று ஒரு வார்த்தை.

"செல்வியோட அம்மா" என்றேன்.

"அம்மாவா! அடடா, உங்களைப் பாக்கணும்னு எவ்ளோ நாளா கேட்டுகினு இருக்கேன். உடம்பு முடியலைன்னு சொல்லும். நல்லா வளத்திருக்கீங்கமா பொண்ணை! இந்தக் காலத்துல எவ இப்படி நிப்பா? பெத்தா இப்படிப் பெக்கணும்!"

"ஆமாம்மா" என்றேன்.

அதைச் சொல்லும்போது என் முகம் மலர்ந்திருந்தது. ராட்டைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிற கண்ணாடியில் தெரிந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்! வைத்த பிறகுதான் அழுதேன்.

அதனால்தான் எழுதுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது என்று அன்று தெரிந்துபோயிற்று. எழுதியதைச் செல்வி படிப்பாள், கோபப்படுவாள், ஏன்மா என்று கேட்பாள். சரோஜாவும் படிக்கட்டும். கன்னியம்மாவுக்குப் படிக்க வருமா என்று தெரியாது. வராவிட்டால் யாராவது படித்துக் காட்டுங்கள். அவள் என்னைத் திட்டினால் அதை என்னிடம் வந்து சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். திட்டாவிட்டால் ஒன்றும் சொல்லாதீர்கள்.

இன்னும் ஒன்று. இதில் நான் ஞாபகத்திலிருந்து எழுதியதில் தப்பு இருக்கும். யார் எதை முதலில் சொன்னது என்பதெல்லாம் கொஞ்சம் மாறியிருக்கலாம். அதை மருமகனைக் கேட்டால் திருத்திச் சொல்வார். ஆனால் ஒரு விவரம் அவரிடமும் செல்வியிடமும் நான் கேட்க முடியாது. இவ்வளவு நாள் கழித்து அதைப் போய்க் கேட்டால், இதுகூடத் தெரியாதா உனக்கு என்பார்கள். நீங்கள் யாராவது ஐயம்பேட்டை வண்டியில் போனால் பார்த்து, இதில் சரியாக எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

கன்னியம்மாவுக்குத் தூக்க வராமல் போனது இடது கையா, வலது கையா?